டெம்பரேச்சர் முள் ஏறி ஏறி இறங்குது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

மார்ச் 2, வந்த கேள்வி

"பழைய பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து முக்கால் வரை ஏறுகிறது. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. சில நேரம் காரணமே இல்லாமல் ஆடுகிறது. சென்சார் மாற்றியாச்சு, பயனில்லை. 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டு ஓட்டுங்க, தொல்லை விட்டது' என்கிறார் மெக்கானிக். கழற்றிவிடலாமா?"

மார்ச் 2, இரவு

கழற்றாதீர்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன். அதற்குள் சிலதைப் பார்த்துச் சொல்லுங்கள். முள் ஏறி நிற்கும்போது ஹீட்டரைப் போட்டால் சூடான காற்று வருகிறதா, சில்லென்று வருகிறதா? ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா? கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பாட்டிலில் அளவு எங்கே நிற்கிறது? பாட்டிலை வெளியிலிருந்து பார்த்தால் போதும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம், கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும்.

மார்ச் 3, காலை

தெர்மோஸ்டாட் என்பது ஒரு குட்டிப் பித்தளைக் கிண்ணத்தில் அடைத்த மெழுகு, ஒரு ஸ்பிரிங், ஒரு வட்டத் தட்டு. அவ்வளவுதான். உடம்பிலேயே 82 என்றோ 88 என்றோ எண் அடித்திருக்கும். கூலண்ட் அந்தச் சூட்டைத் தொடும்போது மெழுகு உருகி விரிந்து தட்டைத் தள்ளும், ரேடியேட்டருக்குப் போகும் வழி திறக்கும். முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 15 டிகிரி பிடிக்கும். அதுவரை கூலண்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், எஞ்சின் சீக்கிரம் சூடாகும்.

இதைக் கழற்றினால் என்ன ஆகும்? எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கே வராது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ "வண்டி இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது. ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். பல கார்களில் கொஞ்ச நாளில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்து செக் எஞ்சின் விளக்கு எரியும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு உண்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கத் திறக்க, கீழ்த் தட்டு பைபாஸ் வழியை மூடும். மொத்தத்தையும் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி எஞ்சினுக்கே வந்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு முழு லோடில் மேடு ஏறினால், குளிர வேண்டிய வண்டி கொதிக்கும்.

மார்ச் 3, மதியம்

"தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலண்ட் ரொம்ப வேகமாக ஓடும், ரேடியேட்டரில் சூட்டை விடவே நேரம் இருக்காது, அதனால்தான் கொதிக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிற கதைதான். ஆனால் கூலண்ட் ஒரு வட்டத்துக்குள் சுற்றுகிறது. ரேடியேட்டருக்குள் இருக்கிற நேரம் குறைந்தால் எஞ்சினுக்குள் இருக்கிற நேரமும் அதே அளவு குறையும். ஓட்டம் கூடினால் சூடு கடத்துவது பொதுவாகக் கூடத்தான் செய்யும். கொதிப்பதற்குக் காரணம் காலையில் சொன்ன பைபாஸ். இன்னொரு காரணமும் உண்டு: தெர்மோஸ்டாட் தரும் தடை இல்லாமல் போனால் எஞ்சினுக்குள் அழுத்தம் குறையும், சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி அங்கங்கே நீராவிக் குமிழ்கள் எளிதாகக் கிளம்பும்.

மார்ச் 3, இரவு

பதில் வந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. முள் ஏறும் நேரத்தில் ஹீட்டரில் சில்லென்ற காற்று. பாட்டிலில் கூலண்ட் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது.

அருமை. ஃபேன் சுற்றுகிறது என்பதால் ரிலே, ஃபேன் மோட்டார், ஃபேன் சுவிட்ச் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். நின்றால் ஏறி, ஓடினால் இறங்கும் வண்டியில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஃபேனைத்தான். அது நியாயம்தான், முக்கால்வாசி நேரம் அதுவாகவே இருக்கும்.

ஆனால் இந்த ஹீட்டர் விஷயம் வேறு கதை சொல்கிறது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர். முள் முக்காலில் நிற்கும்போது அதற்குள் சூடான கூலண்ட் ஓடினால் காற்று அனலாக வர வேண்டும். சில்லென்று வந்தால் அங்கே கூலண்ட் போய்ச் சேரவில்லை. ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, கூலண்டைத் தள்ளும் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, கூலண்ட் குறைந்திருந்தாலோ குழாயில் காற்று அடைத்திருந்தாலோ அந்தத் தள்ளு போதாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தள்ளிவிடும். அதனால்தான் வண்டி நகர்ந்ததும் முள் இறங்குகிறது என்று நினைக்கிறேன். டேஷ்போர்டுக்குப் பின்னால் சலசலவென்று தண்ணீர் ஓடுவதுபோல் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

"பாட்டில்தான் வழிய வழிய இருக்கிறதே" என்று கேட்பீர்கள். பாட்டில் நிறைந்திருப்பதும் ரேடியேட்டர் நிறைந்திருப்பதும் ஒன்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. நாளைக் காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீராய் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸை (தடித்த ரப்பர் குழாய்) தொட்டுப் பாருங்கள். சூடும் இல்லை, விறைப்பும் இல்லை என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மார்ச் 3, அதே இரவு, தூக்கம் வராமல்

ஒன்று முக்கியமானது விட்டுப்போச்சு. எந்தப் பார்ட்டையும் மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: ஏறி இறங்குவது எஞ்சினின் சூடா, வெறும் முள்ளா?

இந்த முள்ளைத் தெர்மாமீட்டர் என்று நம்ப வேண்டாம். பல கார்களில் கம்பெனிக்காரர்களே அதை அடக்கி வைத்திருப்பார்கள். கூலண்ட் சுமார் 80 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் முள் நட்டநடுவில்தான் நிற்கும். கொஞ்சம் அசைந்தாலே ஆட்கள் ஷோரூமுக்கு ஓடிவருகிறார்கள் என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட காரில் முள் நடுவை விட்டு நகர்ந்தால் விஷயம் பெரிது. பழைய கார்களில் இந்த அடக்குமுறை கிடையாது. சின்ன மேட்டுக்கும் அசையும், ஏசி போட்டால் அசையும், அது இயல்பு. தெர்மோஸ்டாட் திறந்து மூடும்போது விரலகலம் ஆடுவதும் இயல்புதான்.

எது என்று பிரித்துப் பார்க்க ஓபிடி சொருகியில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) மாட்டும் இஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று போதும். ஃபோனில் ஏதாவது ஒரு செயலியில் கூலண்ட் டெம்பரேச்சரைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுங்கள். முள்ளும் எண்ணும் சேர்ந்து ஏறி இறங்கினால் சூடே ஏறி இறங்குகிறது. எண் 90 சொச்சத்தில் அசையாமல் நிற்க முள் மட்டும் ஆடினால், கோளாறு வயரிலோ மீட்டரிலோ. இது எப்படி சாத்தியம் என்றால், பழைய கார்கள் பலவற்றில் இரண்டு சென்சார்கள் உண்டு. ஈசியூவுக்கு ஒன்று, முள்ளுக்குத் தனியாக ஒற்றை வயரோடு ஒன்று. உங்கள் மெக்கானிக் எதை மாற்றினார் என்றும் கேளுங்கள்.

மார்ச் 4

எதிர்பார்த்தது நடந்துவிட்டது. மூடியைத் திறந்தால் ரேடியேட்டருக்குள் கூலண்டே கண்ணில் படவில்லையாம், விரலை விட்டும் எட்டவில்லையாம். பக்கத்திலேயே பாட்டில் வழிய வழிய.

இப்போது அந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய ரப்பர் வளையமும் கெட்டி ஸ்பிரிங்கும் ஒன்று. அழுத்தம் மூடியில் எழுதியிருக்கும் அளவை, அதாவது 0.9 அல்லது 1.1 பார் போல ஒன்றை, தாண்டும்போது அது தூக்கி, கூலண்டைப் பாட்டிலுக்கு விடும். நடுவில் காசு அளவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதுதான் இரண்டாவது. எஞ்சின் ஆறும்போது கூலண்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். அந்தச் சின்னத் தட்டு கீழே இறங்கி, போன கூலண்டைப் பாட்டிலிலிருந்து திரும்ப உறிஞ்ச வழி விடும். நகத்தால் அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்தால் வந்து, விட்டால் டக்கென்று உட்கார வேண்டும்.

உப்பு படிந்தோ ரப்பர் உப்பிப்போயோ அந்தத் தட்டு ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் கூலண்ட் வெளியே போகும், திரும்பி வராது. பாட்டில் நிறையும், ரேடியேட்டர் காலியாகும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தால் அதுவும் இதே நோயின் அடையாளம். சின்னத் தட்டு சரியாக இருந்தாலும், பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் ஓட்டையோ கழுத்தில் தளர்ச்சியோ இருந்தால் கூலண்டுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். விளைவு ஒன்றுதான்.

என் பழைய வண்டியில் இதே கூத்து நடந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், அப்புறம் வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டர். பழைய மூடியைத் துடைத்துப் புது ரேடியேட்டரில் மாட்டி அனுப்பினார்கள்! வீட்டுக்கு வந்து மூடியைப் புரட்டினால் ரப்பர் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதற்கப்புறம் எந்த வண்டியில் சூட்டுத் தொல்லை என்றாலும் நான் முதலில் கை வைப்பது மூடியில்தான். மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே பார் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். "கூடுதல் அழுத்தம் நல்லது" என்று பெரிய எண் மூடியைப் போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும்தான் பலி.

மூடிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் அந்த இடைவெளி முழுதும் போச்சு.

மார்ச் 4, சற்றுக் கழித்து

இதெல்லாம் ரேடியேட்டரிலேயே மூடி இருக்கும் வண்டிகளுக்கு. பாட்டிலே அழுத்தத்தில் இருந்து, அதன் மேலேயே திருகு மூடி உள்ள வண்டிகளில் பாட்டிலின் அளவுதான் உண்மையான அளவு.

மார்ச் 5

மூடி மாற்றிக் கூலண்டை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். பலர் அவசரப்படும் இடம் இது.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சாய்வில் நிறுத்துங்கள். காற்று மேலே போகும், ரேடியேட்டர் கழுத்துதான் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். ஹீட்டர் திருகியை முழு சூட்டில் வையுங்கள். ஹீட்டர் வால்வு உள்ள வண்டியில் அது திறந்தால்தான் அங்கே இருக்கும் காற்றும் வெளியே வரும். மூடியைத் திறந்து வைத்து, கழுத்தில் ஒரு புனலை இறுக்கமாகச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குளுக் குளுக்கென்று குமிழ் வரும். குமிழ் நின்றதும் எஞ்சினைப் போட்டு ஐடிலில் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் புனலில் மட்டம் மெல்ல ஏறும், பிறகு திடீரென்று மளமளவென்று உள்ளே இறங்கும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். அந்தச் சமயத்தில் கீழ் ஹோஸும் சூடாகத் தொடங்கும். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். ஃபேன் ஒன்றிரண்டு முறை சுற்றி நின்று, ஹீட்டரில் ஐடிலிலேயே அனல் காற்று வந்து, புனலில் குமிழே இல்லை என்றால் மூடலாம். புனல் இல்லாமல் வெறும் கழுத்தோடு செய்தால் மட்டம் ஏறும்போது சூடான கூலண்ட் வழியும், கை பத்திரம்.

சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் வீட்டிலோ (அது உட்காரும் உலோகக் கூடு) ஹீட்டர் ஹோஸிலோ காற்று விடும் திருகு தனியாக இருக்கும். இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். தெர்மோஸ்டாட்டிலேயே ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஒரு குண்டூசியும் இருந்தால், அது காற்று தப்பிக்கும் வழி. மாட்டும்போது அது மேல் பக்கம் வர வேண்டும்.

கூலண்ட் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம். வண்டிக் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும். தண்ணீர் கலக்க வேண்டியது என்றால் டிஸ்டில்டு வாட்டர். கீழே சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போகும்.

மார்ச் 6

"காற்று எப்படி உள்ளே போச்சு? ஹெட் கேஸ்கட் போயிருந்தாலும் பாட்டில் நிறையுமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நேற்றே நான் சொல்லியிருக்க வேண்டியது.

ஆமாம், நிறையும். எஞ்சினுக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடுதான் ஹெட் கேஸ்கட். அது கசிந்தால் சிலிண்டரில் எரியும் வாயு கூலண்டுக்குள் புகுந்து, அதைப் பாட்டிலுக்குத் தள்ளும். மூடி வால்வு ஒட்டிக்கொண்டால் வரும் அதே அடையாளங்கள். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஆறிய எஞ்சினைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில், கூலண்ட் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக விறைத்தால் கேஸ்கட் மேல் சந்தேகம். மூடியைத் திறந்து வைத்து ஐடிலில் விட்டால் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதும் அதேதான். காற்று அடைத்திருந்தது என்றால் கொஞ்ச நேரத்தில் குமிழ் ஓயும், கேஸ்கட் என்றால் ஓயவே ஓயாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை வைப்பார்கள், அதில் நீல நிறத் திரவம் இருக்கும். கழுத்திலிருந்து வரும் காற்றைப் பம்பால் அதன் வழியாக இழுப்பார்கள். அதில் எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் பெட்ரோல் வண்டியில் திரவம் மஞ்சளாகும். கூலண்ட் குழாய்க்குள் ஏறிவிடாமல் மட்டத்தைக் குறைத்து வைத்துச் செய்ய வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் பால் போன்ற பிசுக்கைப் பார்த்துப் பதறாதீர்கள். பக்கத்துப் பக்கத்திலேயே ஓட்டும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படி வரும். ஆயில் குச்சியிலும் அதே பால் நிறம் என்றால்தான் பயப்பட வேண்டும்.

மார்ச் 6, இரவு

நீலம் நீலமாகவே நிற்கிறதாம். நல்ல சேதி.

மார்ச் 8

வேறொருவர் கேட்டது: "முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சட்டென்று திரும்பி வருகிறது. தெர்மோஸ்டாட்டா?"

வயர். எஞ்சின் இரும்பும் அலுமினியமும் சில லிட்டர் கூலண்டும் சேர்ந்த கனமான சாமான். அது கண் சிமிட்டும் நேரத்தில் 90-லிருந்து 40-க்கு ஆறாது. தெர்மோஸ்டாட் ஒட்டித் திறந்தால்கூட முள் இறங்க நேரம் எடுக்கும். சென்சார் சூடாகச் சூடாக மின்தடை குறையும் வகை. பரவலான ஒரு வகையில் 20 டிகிரியில் இரண்டாயிரத்து சொச்சம் ஓம், 80-இல் முந்நூற்றுச் சொச்சம். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், மீட்டர் அதை "பனிக்கட்டி" என்று படிக்கும். ஓபிடியில் மைனஸ் 40 என்று காட்டும் வண்டி துருவப் பிரதேசத்தில் நிற்கவில்லை, சென்சாரில் வயர் சொருகும் கப்ளர் கழன்றிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கப்ளரையும் வயரையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கூடவே முள்ளும் ஆடினால் ஆளைப் பிடித்தாச்சு.

மார்ச் 8, மாலை

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு, ஏனென்றால் இதைத் தெரியாமல் எஞ்சினையே இழந்தவர்கள் உண்டு. முள் முதலில் நன்றாக ஏறி, பிறகு சடாரென்று விழுந்தால் அதை வயர் என்று விட்டுவிடாதீர்கள். ஹோஸ் வெடித்துக் கூலண்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும். அதற்குச் சூடு தெரியாது. முள் "எல்லாம் சுகம்" என்று கீழே கிடக்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். ஹீட்டரில் காற்று சில்லென்று ஆகிவிட்டதா என்று உடனே பாருங்கள். ஆகியிருந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள்.

கூலண்ட் இருந்து, முள் மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகப் போட்டு, அதன் ஃபேனை உச்சத்தில் வைத்து ஓரமாக வாருங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் கோரும் ஒரு ரேடியேட்டர்தான், உதவும். நின்ற பிறகு சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், ஹெட் விரிசல் விடும்.

மார்ச் 9

நீள இறக்கத்தில் முள் இறங்குகிறதே என்று கேட்ட டீசல்காரருக்கு: அது உங்கள் வண்டியில் கோளாறே இல்லாமலும் நடக்கும். லோடு இல்லாத டீசல் எஞ்சின் உண்டாக்கும் சூடு ரொம்பக் குறைவு. சமதளத்தில் சீரான வேகத்திலும் இறங்கிக் கிடந்தால்தான் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று சந்தேகப்படலாம்.

கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் படாமல், பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அடித்திருக்கும் எண்ணுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்க ஆரம்பிக்க வேண்டும். ஆறியதும் இடுக்கு இல்லாமல் மூட வேண்டும். உயரமான மலைப்பகுதியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அங்கே முழுதாகத் திறக்கவில்லை என்று நல்ல தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மார்ச் 12

முதல் கேள்விக்காரர் திரும்பி வந்திருக்கிறார். மூடி மாற்றி, காற்று எடுத்த பிறகு சிக்னலில் முள் ஏறுவது நின்றுவிட்டது, ஹீட்டர் அனலாக வருகிறது, ரேடியேட்டர் கழுத்து வரை நிறைந்தே இருக்கிறது. ஆனால் ராத்திரியில் மட்டும் முள் கொஞ்சம் மேலே நிற்கிறது, இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து துடிக்கிறது. ஓபிடியில் எண் 91, 92 என்று அசையாமல் நிற்கிறது.

இண்டிகேட்டரோடு துடிக்கிறதா! சந்தேகமே இல்லை, எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி. முதல் நாள் அவர் எழுதிய "காரணமே இல்லாமல் ஆடுகிறது" என்பது இதுவாகத்தான் இருக்கும். ஒரே வண்டியில் இரண்டு நோய், இரண்டும் ஒரே முள்ளில் தெரிந்ததால் ஒன்று போலத் தோன்றியிருக்கிறது.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முள்ளுக்கான ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் வயர் தனியாகக் கிடையாது. அதன் உடம்பு எஞ்சினில் திருகியிருப்பதே எர்த். மீட்டருக்கோ எர்த் பாடியில் இருக்கிறது. எஞ்சினும் பாடியும் ரப்பர் மவுண்டுகளில் பிரிந்து நிற்பவை. இரண்டையும் இணைப்பது ஒரு பின்னல் செம்புப் பட்டை. அந்தப் பட்டை பச்சை பூத்து, முனையில் துரு ஏறினால் அங்கே தடை உண்டாகும். ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், ஏசி ஃபேன் எல்லாம் தின்னும் கரண்ட் பாடி வழியாக ஆல்டர்னேட்டருக்கு (வண்டிக்குக் கரண்ட் உண்டாக்கும் கருவி) திரும்ப வேண்டும், ஆல்டர்னேட்டர் எஞ்சினில் இருக்கிறது. தடையுள்ள பட்டையில் அவ்வளவு கரண்ட் பாய்ந்தால் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அரை வோல்ட், ஒரு வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். பாடியைவிட எஞ்சின் தாழ்ந்து நிற்பதால் மீட்டரிலிருந்து சென்சார் வழியாகக் கூடுதல் கரண்ட் ஓடும். கூடுதல் கரண்ட் என்றால் மீட்டருக்கு "சூடு கூடிவிட்டது" என்று அர்த்தம். ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது, இண்டிகேட்டர் மின்னினால் முள்ளும் மின்னுகிறது.

மல்டிமீட்டரை 2 வோல்ட் டிசியில் வையுங்கள். எஞ்சின் ஓட்டத்தில், ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு, ஒரு முனையைச் சுரண்டிய எஞ்சின் உலோகத்திலும் இன்னொன்றைப் பாடியின் வெற்று உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். அடுத்து எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும். பெயிண்ட் மேல் வைத்துவிட்டு "ஒன்றும் காட்டவில்லை" என்று எழுதாதீர்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மைனஸ் குறி வந்தால் கவலை வேண்டாம், முனை மாறியிருக்கிறது, எண்ணைப் பாருங்கள். ஓம் அளவில் வைத்துச் சோதித்தால் பயனில்லை. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ஓம் மீட்டர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். கரண்ட் பாயும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

இன்னொன்றும் பாருங்கள். புது சென்சாரின் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றி மாட்டியிருக்கிறார்களா? உடம்பே எர்த் ஆக வேண்டிய சென்சாருக்கு டேப் எதிரி.

மார்ச் 13

"முள்ளின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன், இப்போது ஆடவே இல்லை" என்று எழுதிய நண்பருக்கு: டெஃப்லான் டேப்பைவிட அது மேல். அடுத்தது செக் எஞ்சின் விளக்குக்கும் ஒட்டுவீர்கள், தெரியும்.

மார்ச் 15

0.6 வோல்ட் காட்டியதாம். பட்டையைக் கழற்றும்போதே பாதி இழைகள் கையோடு வந்துவிட்டன என்று படம் போட்டிருக்கிறார், பார்த்தாலே பாவமாக இருக்கிறது. புதுப் பட்டை போட்டு, இரண்டு முனையிலும் உலோகம் பளபளக்கச் சுரண்டி, மேலே கிரீஸ் தடவியாச்சு. இப்போது 0.04. இண்டிகேட்டரோடு துடிப்பது நின்றது. செல்ஃப் மோட்டாரும் முன்னைவிடக் கணீரென்று சுற்றுகிறதாம். சுற்றாமல் என்ன, அதுவும் அதே பட்டையைத்தான் நம்பியிருந்தது.

மூடியை மட்டும் ஒரு மாதம் கழித்து, ஆறிய எஞ்சினில் திறந்து மட்டம் பாருங்கள். கழுத்து வரை இருந்தால் சரி. திரும்பக் குறைந்திருந்தால் வெளியே எங்கோ கசிகிறது. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் உப்புக் கறை படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொடி போட்டு அடைக்கும் மருந்துகளைத் தயவுசெய்து ஊற்ற வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரை அடைத்துவிடும்.

மார்ச் 20

இன்னொரு வண்டி, எதிர்ப்பக்க நோய். நகரத்தில் ஒழுங்காக இருக்கிறது, ஹைவேயில் வேகம் பிடித்தாலோ மேடு ஏறினாலோ முள் ஏறுகிறது, மெதுவாகப் போனால் இறங்குகிறது. ஓபிடி எண்ணும் கூடவே ஏறுகிறது.

ஃபேன் இதில் இல்லை, அந்த வேகத்தில் காற்றே போதும். ரேடியேட்டரால் அவ்வளவு சூட்டை விட முடியவில்லை. உள்ளே உப்பு அடைத்திருக்கலாம், அல்லது வெளியே. வெளியே என்றால் முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. உங்கள் கண்ணில் படுவது ஏசி கண்டென்சர். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் பூச்சியும் சருகும் தூசியும் கம்பளிபோல் படிந்திருக்கும். மேல் கிளிப்பைக் கழற்றிக் கொஞ்சம் சாய்த்து, எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி மெல்லிய தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரை நெருங்கிப் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் எல்லாம் மடங்கிவிடும்.

சுத்தம் செய்தும் ஏறினால், தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை வரிசையாகச் சுட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. பளபளக்கும் அலுமினியத்தை அந்தக் கருவி குறைவாகப் படிக்கும். தெர்மோஸ்டாட் வீடு போன்ற இடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் சுடுங்கள். கறுப்பு டேப் நண்பரிடம் மிச்சம் இருக்கும்.

கீழ் ஹோஸையும் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் அதிக ஆர்பிஎம்மில் ஹோஸ் சப்பிக்கொள்ளும். ஐடிலில் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். ஒருவர் ஆக்சிலேட்டரைப் பிடிக்க, இன்னொருவர் பெல்ட்டிலும் ஃபேனிலும் கை படாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2

ஓபிடி அடாப்டரை எப்போதும் சொருகியே வைக்கலாமா என்று கேட்டவருக்கு: தினமும் ஓட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் உருவி வையுங்கள். பல கார்களில் அந்தச் சொருகிக்குச் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் வரும், பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும்.